போறேனும் போய்ட்டு வாரேனும்

சங்கரலிங்கம், சங்கரலிங்கம் இல்லை என்று மாவட்ட நினைவுக் காப்பகத்துக் கணினி சொன்னபோது, அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"முழுசாவா?" என்று கேட்டாள் காந்திமதி.

"முழுசாத்தான் அக்கா. ஒரு வரி மிச்சமில்ல. எல்லாமே மாறியிருக்குன்னு காட்டுது." மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ரிஸ்வானா திரையைத் திருப்பிக் காட்டினாள். மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு.

"சிவப்புன்னா நிக்கணும்லா" என்றார் சங்கரலிங்கம். கடலைத் தோலைக் கீழே போடாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். உலகத்தில் எது நடந்தாலும் அவருக்கு அது பஸ்ஸில் கொண்டுபோய் முடிய வேண்டும்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருவது பழைய வழக்கம். காதுக்குப் பின்னால் நினைவுத்துணை பொருத்திக்கொண்டவர்கள் கூடுதலாக இன்னொன்றையும் காட்ட வேண்டும். நான் நான்தான் என்று. 'அவரே இவர்' சான்று என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை.

நினைவு தேய்கிற நோய் வந்தவர்களுக்கு அந்தக் கருவியைப் பதிப்பார்கள். பொருத்துகிற அன்று மூளையில் இருப்பதையெல்லாம் வாரி எடுத்து வரி வரியாக எழுதிக்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பதையும் அப்படியே எழுதும். மூளை ஒன்றைக் கைவிடும்போது இது எடுத்துக் கொடுக்கும். ஆளோடு ஒரு பிரதி. மாவட்ட நினைவுக் காப்பகத்தில் ஒரு பிரதி. வருஷம் ஒருமுறை இரண்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்குவார்கள். புது வரிகள் சேர்ந்திருந்தால் சரி, மனிதர் ஒரு வருஷம் வாழ்ந்திருக்கிறார். பழைய வரிகள் மாறியிருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். வீட்டை எழுதி வாங்குவதற்காக அப்பன் நினைவையே திருத்திய பிள்ளைகள் இருந்ததால் வந்த சட்டம் அது. சட்டத்தைத் திட்டி என்ன செய்வது? பிள்ளைகளைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

"மாறியிருந்தா என்ன செய்வாங்க?" காந்திமதிக்கு விடை தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

"கடைசியா சான்று கொடுத்த பிரதிக்கே கொண்டுபோயிருவாங்க. போன வருஷத்து ஒப்புநோக்கு வரைக்கும் இருக்கறது இருக்கும். அதுக்கு அப்புறம் உள்ளது போயிரும்."

காந்திமதி அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு கடலையை உரித்து, உள்ளே ஒரு பருப்புதான் இருக்கிறது என்று ஏமாந்து, அதை அவளிடம் நீட்டினார்.

போன வருஷத்து ஒப்புநோக்கு முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் அவர் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். அதற்கு முன்னால் எட்டு வருஷம் பேச்சு கிடையாது. அம்மா ஆவுடை இறந்து கிடந்தபோதும் மகள் முகத்தைப் பார்க்கவில்லை மனிதர். அவள் கட்டிக்கொண்ட கிளாட்வின் வேற ஆளுங்க, வேற சாமி, அதுதான் காரணம். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் முடிந்த மறுநாள் கடற்கரைச் சாலையில் அவர்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நிலைப்படியைத் தாண்டவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போறேன்" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போறேன். வீட்டில் யாராவது மறந்துபோய் அப்படிச் சொல்லிவிட்டால், "போறேன்னு சொல்லாதே, போய்ட்டு வாரேன்னு சொல்லு" என்று செருப்பைப் போட்டவரைத் திரும்பக் கூப்பிட்டுத் திருத்துகிறவர் அவர். பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரிடமும் போய்ட்டு வாரேன்தான், பெட்டிக்கடைக்காரரிடமும் போய்ட்டு வாரேன்தான். தெருநாயிடம்கூட ஒருமுறை சொல்லி அம்மா சிரித்திருக்கிறாள். அப்படிப்பட்ட வாயிலிருந்து அந்தச் சொல் தவறி விழவில்லை என்று காந்திமதிக்குத் தெரியும். திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

நோய் வந்து, கருவி வந்து, தனியாக இருந்து இருந்து என்ன நினைத்தாரோ, ஒருநாள் முந்திரி மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது" என்றார். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் வருவார். தினமும் நிலைப்படிக்கு வெளியே நின்று அதையே சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். முதல் சில நாள் அவள் அழுதாள். பிறகு கூச்சமாக இருந்தது. "பரவாயில்லப்பா" என்று மட்டும் ஒருநாளும் அவள் வாயிலிருந்து வரவில்லை. "உள்ள வாங்க" என்பாள்.

இந்த ஒரு வருஷத்தை அழித்தால் அவர் மறுபடியும் எட்டு வருஷக் கோபத்தோடு எழுந்திருப்பார். மகள் வீட்டு வழி தெரியும், ஆனால் வரமாட்டார்.

"நாளைக்கு வாங்க அக்கா. அதுக்குள்ள நான் பாக்கேன்" என்றாள் ரிஸ்வானா. காயல்பட்டினத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அதனால்தானோ என்னவோ, பார்க்கிறேன் என்று சொன்னால் நிஜமாகவே பார்த்தாள்.

மறுநாள் அவர்கள் போனபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

"ரெண்டு பிரதியையும் நானே கண்ணால வாசிச்சேன் அக்கா. ஒரு எழுத்து மாறல. ஒரு புள்ளி மாறல. பிறகு ஏன் சிவப்புன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன். மாறியிருக்கது கண்ணுக்குத் தெரியாத இடத்துல. ஒவ்வொரு வரி முடியற இடத்துலயும், இங்க முடிஞ்சுது, அடுத்ததுக்குப் போன்னு சொல்ல ஒரு குறி இருக்கும். திரையில தெரியாது. நம்ம காப்பகத்து இயங்குதளம் அதுக்கு ஒரு குறி போடும். அய்யாவோட கருவி வேற இயங்குதளம். அது ரெண்டு குறி போடும்."

"ஒண்ணு பத்தாதா? எதுக்கு ரெண்டு?"

"அது டைப்ரைட்டர் காலத்து வழக்கம் அக்கா. டைப்ரைட்டர்ல..."

"நான் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் பண்ணவன்லா" என்று சங்கரலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வரி முடியப் போகும்போது டிங்னு மணி அடிக்கும். இடது கையால லீவரை ஒரு தள்ளு தள்ளணும். ஓரத்துக்குப் போன வண்டி ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வரும். தாளும் ஒரு வரி ஏறும்."

"அதேதான் அய்யா! வண்டி திரும்பறதுக்கு ஒரு குறி, தாள் ஏறுறதுக்கு ஒரு குறி. டைப்ரைட்டர் போயி எத்தனையோ காலமாச்சு, குறி மட்டும் போகல. சில பேர் எதுக்கு ரெண்டுன்னு திரும்பற குறியை விட்டுட்டாங்க. சில பேர் ரெண்டையும் வச்சிருக்காங்க."

"வண்டி திரும்பாம தாள் மட்டும் ஏறினா ஓரத்துலயே நிக்கும்மா" என்றார் அவர். "எழுத இடமிருக்காது."

"கணினிக்கு அந்தக் கவலை இல்ல அய்யா. அது ஒரு குறியை வச்சே புரிஞ்சுக்கும்."

இத்தனை வருஷம் இந்தத் தொல்லை ஏன் வரவில்லை என்று காந்திமதி கேட்டாள். நடுவில் ஒரு மாற்றி இருந்ததாம். ஆள் வெளியிலிருந்து வரும்போது இரண்டை ஒன்றாக்கும், திரும்பப் போகும்போது ஒன்றை இரண்டாக்கும். சத்தம் போடாமல் வேலை பார்த்ததால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. புது அப்டேட்டில் இது எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். சத்தம் போடாமல் வேலை பார்க்கிறவர்களுக்கு எந்த ஆபீசிலும் இதுதான் கதி.

"இப்போ என்ன செய்யப் போறீங்க?"

"கருவியில இருக்க ரெண்டு குறியையும் ஒண்ணாக்கிட்டா ரெண்டு பிரதியும் ஒரே மாதிரி ஆயிரும். அவ்வளவுதான்."

அவள் ஒரு கட்டளை கொடுத்தாள். திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை எட்டிப் பார்த்தது. கணினியோடு வாழ்கிறவர்கள் மஞ்சள் எச்சரிக்கையை வாசிப்பதில்லை. சரி என்று அமுக்குவார்கள். ரிஸ்வானாவும் அமுக்கினாள். சிவப்பு முழுக்க வடிந்தது. 'மாற்றம் இல்லை. அவரே இவர்' என்று வந்தது.

காந்திமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. ரிஸ்வானாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல், "நீங்க நல்லாயிருக்கணும்" என்றாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று திரும்பினார்.

"போறேம்மா" என்றார் ரிஸ்வானாவிடம்.

அவளுக்கு அது உறைக்கவில்லை. காந்திமதி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். சந்தோஷத்தில் வாய் தவறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவரைத் திருத்தவில்லை.

அடுத்த நாள் காலையில் கருவேப்பிலை வாங்கப் போனவர் மத்தியானம் வரை தன் வீட்டுக்குத் திரும்பவில்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. கிளாட்வின் தேடிப்போனால், மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடைக்கு முன்னால் கருவேப்பிலையும் கையுமாக நிற்கிறார்.

"என்ன மாமா இங்கன நிக்கீங்க?"

"வாங்கியாச்சு மாப்பிள்ள. நிக்கேன்."

"வழி மறந்துட்டீங்களா?"

"வழியா?" அவருக்குக் கோபம் வந்தது. "இந்தா, நேரா போயி, மணிக்கூண்டைத் தாண்டி, ரெண்டாவது லெஃப்ட்டு. எனக்கா வழி தெரியாது?"

வழி தெரிந்தது. வரத்தான் தோன்றவில்லை. சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்தவர் வழக்கம்போல நிலைப்படியில் நின்று மன்னிப்புக் கேட்டார், உள்ளே வந்தார், இரண்டு தோசை சாப்பிட்டார். வழக்கமாகக் கிளம்புகிற நேரம் வந்தது. கிளம்பவில்லை. கிளாட்வின் பாயைப் போட்டுக்கொடுத்தான். விடிந்ததும் பால் வாங்கப் போனவர் பால் பூத்தில் நின்றார். அதற்கடுத்த நாள் பழைய ஞாபகத்தில் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். திருச்செந்தூரில் இறங்கி, அந்த பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றார். அது தூத்துக்குடிக்குத் திரும்பக் கிளம்பியது. அவர் ஏறவில்லை. தெரிந்த கண்டக்டர் ஒருவர் பார்த்து போன் செய்தார்.

டாக்டர் நோய் முற்றியிருக்கிறது என்றார். "வெளியே விடாதீங்க. கதவைப் பூட்டி வைங்க."

மகள் வீட்டிலேயே வைத்துப் பூட்டினார்கள். வெளியே போகும்போதெல்லாம் சாவியைத் திருப்புகிற சத்தம் காந்திமதிக்கு யாரோ தன் காதைத் திருகுவது மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுக்கப் போய் வந்து கொண்டிருந்த மனிதர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றார். ஒருநாள் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"மதி, எனக்குப் போறதுக்குத் தெரியுதும்மா. எங்க போகணும், எப்படிப் போகணும், எல்லாம் தெரியுது. போன பிறகு, பிறகு என்னன்னு ஒண்ணு வருமே, அது வர மாட்டேங்கு." அவர் குரல் உடைந்தது. "ஓரத்துலயே நிக்கேன்."

டைப்ரைட்டர் வண்டியைப் பற்றி இதே சொல்லை அவர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. உடனே ஆட்டோ பிடித்தாள்.

காப்பகத்தில் ரிஸ்வானா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். தூங்காத முகம்.

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன் அக்கா. அய்யா மாதிரியே இன்னும் ரெண்டு வீட்டுல இருந்து வந்து அழுதுட்டுப் போனாங்க. மூணு பேருக்கும் நான்தான் குறியை மாத்தினேன். கருவி செஞ்ச கம்பெனிக்காரங்க கிட்ட பேசினேன். அவங்க ரொம்ப சாதாரணமா சொல்றாங்க: திரும்பற குறி இருந்தாத்தான் கருவி மூளைக்குப் புறப்பட்ட இடத்தை ஞாபகப்படுத்துமாம். அவங்களுக்கு அது சும்மா குறி இல்ல. அந்தத் திரும்பற குறி இருந்துச்சுன்னா, போய்ட்டு வாரேன். இல்லன்னா..."

"போறேன்" என்றாள் காந்திமதி.

ரிஸ்வானா தலையைக் குனிந்துகொண்டாள். "நமக்குக் கண்ணுக்குத் தெரியலன்னா அது ஒண்ணுமில்லன்னு நினைச்சிட்டேன் அக்கா."

"திரும்பப் போட முடியுமா?"

"முடியும். போட்டா மறுபடியும் எல்லா வரியும் சிவப்பாகும், அவர் அவரில்லன்னு ஆயிரும். அதுக்கும் வழி வச்சிருக்கேன். காப்பகத்துக்கு ஒரு விதி எழுதியிருக்கேன். உள்ள இருக்கும்போது ஒரு குறி, ஆளோட வெளிய போகும்போது ரெண்டு குறி, ஒப்புநோக்கும்போது வரி முடிவைக் கணக்குல எடுக்காதேன்னு. அந்தப் பழைய மாற்றி செஞ்ச வேலைதான். தலைமை டாக்டர் கையெழுத்து போட்டுட்டாரு."

காந்திமதிக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்தப் பெண் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒண்ணு இருக்கு அக்கா. அன்னைக்கு மஞ்சளா ஒரு எச்சரிக்கை வந்துச்சே, நான் வாசிக்காம அமுக்கினேன். பதிவுல போயி இப்போ வாசிச்சேன். 'வரி முடிவுகள் கலந்திருக்கின்றன'ன்னு இருக்கு. அய்யாவோட எல்லா வரிக்கும் ரெண்டு குறி இல்ல. கொஞ்ச வரிக்கு ஏற்கெனவே ஒண்ணுதான். பெரும்பாலானது மாறினா கணினி மொத்தத்தையும் சிவப்பாத்தான் காட்டும், அதனால அன்னைக்கு அது தெரியல. அந்த இடத்துக்கெல்லாம் திரும்பப் போக அவர் நினைக்கவே இல்ல. எது எதுன்னு இப்போ கண்டுபிடிக்க முடியாது. நான்தான் எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேனே. இப்போ திரும்பப் போட்டா எல்லா வரிக்கும் ரெண்டு விழும். எதுக்கு வேண்டாம்னு வீட்டு ஆளுங்க சொன்னாத்தான் அதை மட்டும் விட்டுவிட முடியும்."

காந்திமதி யோசித்தாள். யோசிக்க அதிகமில்லை. சுடுகாட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு அவரும் அப்படித்தான் வந்திருப்பார். அந்த வரியில் திரும்பற குறி விழுந்தால் என்ன ஆகும்? ஆவுடை காத்திருப்பாள், போய்ட்டு வாரேன் என்று சொல்லியிருக்கிறேனே என்று தினமும் அங்கே போய் நிற்பார்.

"அம்மாவை எரிச்ச அன்னைக்கு, சுடுகாட்டுலேர்ந்து வந்த வரி. அதுக்கு வேண்டாம்."

ரிஸ்வானா தேடி எடுத்துக் குறித்துக்கொண்டாள். "வேற?"

காந்திமதி திரையில் இருந்த வரிகளையே பார்த்தாள்.

"வேற எங்கேயாவது வராமப் போறோம்னு நினைச்சு கிளம்பியிருப்பாரா அக்கா?"

"எங்க வீடு" என்றாள் அவள். "கல்யாணத்துக்கு மறுநாள். வாசல்ல நின்னு."

ரிஸ்வானா அதையும் தேடி எடுத்தாள். குறிக்கப் போனாள். காந்திமதி அவள் கையைப் பிடித்தாள்.

"அதை விட்டுருங்க. மத்ததோட சேர்ந்து போகட்டும்."

"அக்கா, அதுக்கும் ரெண்டு குறி விழுந்துரும். அன்னைக்கு போய்ட்டு வாரேன்னு சொன்னதா அவருக்கு ஆயிரும்."

"ஆகட்டும்."

"அவர் சொன்னது அது இல்லையே."

"சொல்லியிருக்கணும்லா?" காந்திமதியின் குரல் உயர்ந்துவிட்டது. பிறகு தணித்துக்கொண்டாள். "தினமும் வாசல்ல நின்னு மன்னிப்புக் கேக்காரு ரிஸ்வானா. வேற எல்லாத்தையும் மறந்துகிட்டே வாராரு, அதை மட்டும் மறக்க மாட்டேங்காரு. அந்தப் பாரம் எதுக்கு அவருக்கு? ஒப்புநோக்குல தெரியுமா?"

"தெரியாது. வரி முடிவைப் பாக்காதேன்னு நானே விதி எழுதியாச்சே. மாற்றம் இல்லன்னுதான் வரும்." ரிஸ்வானா கொஞ்சம் தயங்கினாள். "அப்பன் நினைவைப் பிள்ளைங்க திருத்தக் கூடாதுன்னுதான் அக்கா இந்த ஆபீசே இருக்கு."

"நான் வீட்டையா எழுதி வாங்குதேன்?"

அப்பாவுக்காகத்தான் என்று காந்திமதி சொன்னதில் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அந்தச் சொல்லை அவர் சொல்லாத ஒரு உலகத்தில் ஒருநாளாவது இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஒன்பது வருஷமாக அவள் வயிற்றுக்குள் கிடந்த கல் அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியால் அது கரையும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ரிஸ்வானா அந்த வரியைக் குறிக்காமல் விட்டாள். மஞ்சள் எச்சரிக்கை வந்தது. இந்த முறை இரண்டு பேரும் அதை முழுக்க வாசித்தார்கள். வாசித்துவிட்டுத்தான் அமுக்கினார்கள்.

கருவி புதுப்பித்த அன்று மத்தியானமே சங்கரலிங்கம் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நின்று அதட்டினார். "என்ன மதி, மனுசனை உள்ள வச்சுப் பூட்டியிருக்க? கடைக்குப் போய்ட்டு வாரேன்."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டு அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கதவைத் திறந்துவிட்டு ஜன்னலில் நின்று பார்த்தாள். முக்கு திரும்பினார். அவள் சாமியை எல்லாம் வேண்டினாள், தன்னுடைய சாமியையும் கிளாட்வினுடைய சாமியையும். கொஞ்ச நேரத்தில் அதே முக்கில் அந்த வெள்ளைத் தலை தெரிந்தது. கையில் கருவேப்பிலை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, "சரிம்மா, வீடு பூட்டிக் கிடக்கு. போய்ட்டு வாரேன்" என்று தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கிளாட்வின் தெருமுனை வரை பின்னாலேயே போய், "மாமா தன் வீட்டுக்குத்தான் போறாரு" என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

சுடுகாட்டுப் பக்கம் அவர் போகவில்லை. அம்மா படத்துக்கு எப்போதும்போல விளக்கேற்றினார்.

வீட்டில் வேலை கிடக்கிறது என்று சில நாள் வராதிருந்தவர் அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் வந்தார். காந்திமதி சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கையில் மக்ரூன் பொட்டலத்தோடு நிலைப்படிக்கு வெளியே நின்றார். இத்தனை நாளும் எந்த இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டாரோ அதே இடம். மன்னிப்புக் கேட்கவில்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டாள், நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தாள்.

ஆனால் அவர் உள்ளே வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் ஒரு குழப்பம்.

"என்னப்பா? உள்ள வாங்க."

"இல்லம்மா. ஒண்ணு கேக்கணும். ரெண்டு மூணு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு." அவர் நிலையைத் தொட்டார். "உன் கல்யாணத்துக்கு மறுநாள் நான் இங்கன வந்தேன்லா?"

"ஆமாப்பா."

"உள்ள வராம, போய்ட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். கேள்வியில் சூது எதுவும் இல்லை. "ஆமாப்பா" என்றாள். "அப்படித்தான் சொன்னீங்க."

"அதான்ம்மா. சொல்லிட்டுப் போனவன் பிறகு ஏன் வரல? எட்டு வருஷம் வரலியே நான். உங்க அம்மா வேற போயி... எங்க இருந்தேன்? என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. வாரேன்னு பிள்ளைகிட்டச் சொல்லிட்டு வராம இருந்திருக்கேனே, அப்படி என்னம்மா எனக்கு வேலை?"

அப்போதுதான் காந்திமதிக்கு விளங்கியது. ஒரு குறியைப் போட்டு அவர் கோபத்தை அழித்துவிட்டாள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்த எட்டு வருஷத்தை அழிக்க முடியவில்லை. காரணம் தெரிந்த குற்றம் போய், காரணம் தெரியாத குற்றமாக அது அவர் தலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அடுப்பில் தாளிதம் கருகுகிற வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

இப்போது அவள் ஏதாவது சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்தப் பழைய சொல் திரும்பி வரும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் தினமும் இங்கே நின்று இதைக் கேட்பார்.

"வழியில லேட்டாயிருச்சுப்பா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "வண்டி லேட்டு. அவ்வளவுதான்."

"என் வண்டியா?" அவர் தலையை ஆட்டினார். "என் வண்டி லேட்டாகாதேம்மா. ரயில்வே கேட்டு மூடிக் கிடந்தாக்கூட நான் நேரத்தைப் பிடிச்சிருவேன்லா."

"இது பெரிய கேட்டுப்பா. நான் கூட இந்தப் பக்கம் நின்னுட்டேதான் இருந்தேன். திறந்துவிட வரல."

சங்கரலிங்கம் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ, எந்த ஒப்புநோக்கிலும் அது தெரிய வராது. மெதுவாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"கேட்டு மூடினாலும் டைம் கீப்பர் டிரைவர் பேர்லதான்ம்மா லேட்டு எழுதுவான். அதுதான் முறை" என்றார். "இதையும் என் பேர்லயே எழுதிக்கோ."

"பரவாயில்லப்பா" என்றாள் காந்திமதி.

அவர் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். அடுப்புல என்னமோ கருகுதே, அதைப் பாரு முதல்ல என்றார்.